முகஸ்துதி என்றொரு சாக்கு

"எழுதியதையும் எடுத்த படத்தையும் இணையத்தில் ஏற்றி ஊரறியச் செய்வது முகஸ்துதியாகும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமுக்கு இஃது அழகன்று" என்னும் பேச்சு அண்மைக் காலமாய் நம் செவிக்கு எட்டிக்கொண்டே இருக்கிறது. நேரில் சொன்னவர் சிலர். பிறர் வாயிலாகச் சொல்லியனுப்பினோர் பலர். அவர்களுள் நாம் மதிக்கும் பெரியோரும் உளர். அந்த மரியாதையை முன்னிட்டு இதுகாறும் வாய் திறவாதிருந்தோம். ஆயினும் இப்பேச்சு இப்பொழுது நம்மோடு நின்றபாடில்லை. வீட்டிலுள்ள பழைய கையெழுத்து ஏடுகளைப் படமெடுக்கக் கொடுப்பதா, வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது நல்லதொரு சாக்காகிவிட்டது. "ஆலிம்களே கூடாதென்கிறார்களே" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டிக்கொள்கின்றனர். ஆகவே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நாம் செய்வது இன்னதென்பதை முதலில் சொல்லிவிடுவோம். பழைய பள்ளிவாசல்களின் கற்றூண்கள், மையவாடிகளிலுள்ள மீஸான் கற்களின் எழுத்துகள், அரபுத்தமிழில் எழுதப்பட்ட முனாஜாத்துகள், பாட்டிமார் எழுதி வைத்த கைமருந்துக் குறிப்புகள், சபுராளிகளின் கடிதங்கள் ஆகியவற்றைக் கைப்பேசியால் படமெடுக்கிறோம். அவற்றைப் படித்துத் தமிழெழுத்தில் பெயர்த்து, நமக்குத் தெரிந்த விளக்கத்தையும் எழுதி, யாவரும் காணும்படி இணையத்தில் வைக்கிறோம். கட்டுரையின் கீழ் நம் பெயரையும் போடுகிறோம். இவ்வளவே நம்மீதுள்ள குற்றம்.

முகஸ்துதி என்பது விளையாட்டாகச் சொல்லிவிடும் குற்றச்சாட்டன்று. அமல்களை அரித்துத் தின்னும் நோய் அது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்நோயைக் கண்டறியும் உரிமை யாருக்கு உண்டு என்பதே கேள்வி. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹை நிய்யத்தைப் பற்றிய ஹதீஸைக் கொண்டே தொடங்குகிறார்கள். ஹிஜ்ரத்து ஒன்றே, பாதையும் ஒன்றே, களைப்பும் ஒன்றே. ஒருவருக்கு அது அல்லாஹ்வுக்காகவும் ரசூலுக்காகவும் செய்த பயணமாகிறது. மற்றொருவருக்கு மணக்க விரும்பிய பெண்ணுக்காகச் செய்த பயணமாகிறது. ஓரமாய் நின்று பார்ப்பவனுக்கு இருவரும் ஒட்டகத்தின் மீது செல்லும் முஹாஜிர்களாகவே தோன்றுவர். அந்த ஹதீஸைத் தன் நெஞ்சை நோக்கி ஓதவேண்டியவர்கள் அடுத்தவர் நெஞ்சை நோக்கி ஓதினால், அதற்கு நாம் என்ன சொல்வது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா நாற்பது கிதாபுகளைக் கொண்டது. அவற்றுள் இருபத்தெட்டாவது கிதாபு, பதவி மோகத்தையும் முகஸ்துதியையும் கண்டிப்பதற்கென்றே எழுதப்பட்டது. நம்மைக் கண்டிப்போர் அதன் முற்பகுதியோடு கிதாபை மூடிவிட்டனர் போலும். பிறர் பார்த்துப் பின்பற்றும் பொருட்டு நற்செயலை வெளிப்படுத்துவதற்கு எந்த அளவு அனுமதி உண்டு என்பதைப் பற்றி அதே கிதாபில் தனியொரு பகுதி உண்டு. முகஸ்துதி வந்துவிடுமோ என்றஞ்சி நற்செயலையே விட்டுவிடுவதைப் பற்றி இன்னொரு பகுதியும் உண்டு. இவ்வாறு விட்டுவிடுவது ஷைத்தானின் விருப்பத்தை நிறைவேற்றுவதாகவே முடியும் என்பது இமாமவர்களின் கருத்து. செயலைத் தொடரவேண்டும், உள்ளத்தோடு போராடவும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டுத் தப்பிக்கும் வழியை அவர்கள் காட்டவில்லை.

இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 911-இல், அதாவது 1505-இல், மறைந்தவர்கள். தஃப்ஸீர் ஜலாலைன் ஓதாத மதரசா நம் நாட்டில் ஏது? அவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதினார்கள். தம் ஆசிரியர்களையும் தாம் இயற்றிய நூல்களையும் வரிசைப்படுத்தி வைத்தார்கள். அந்நூலுக்கு இட்ட பெயர், இறைவன் அளித்த நிஃமத்தை எடுத்துரைத்தல் என்னும் பொருளுடையது. திருமறையின் வள்ளுஹா சூராவின் இறுதி ஆயத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அக்காலத்திலும் அவர்களைத் தற்பெருமைக்காரர் என்றவர்கள் இருந்தனர். இமாம் ஸகாவீ (ரஹ்) போன்ற பெருமக்களே கடிந்தெழுதினர். சுயூத்தியவர்களின் எழுத்தில் பெருமிதம் சற்றுத் தூக்கலாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று அவர்கள் முகஸ்துதிக்கு அஞ்சிப் பேனாவைக் கீழே வைத்திருந்தால் இழப்பு யாருக்கு? ஸகாவீ அவர்களுக்கா, ஐந்நூறு ஆண்டுகளாய் ஓதிவரும் நமக்கா?

இனி, எழுதுவதும் படமெடுப்பதும் எதற்கு என்பதைச் சொல்வோம்.

நம் சமூகத்தின் எழுத்துச் செல்வத்தில் பெரும்பங்கு ஒரேயொரு படியாக இருக்கிறது. அச்சேறியவை சில, அச்சேறாதவை பல. உமறுப்புலவரின் சீறாப்புராணமே நூறாண்டுகளுக்கு மேல் ஏட்டில் கிடந்து, 1842-இல் சேகுனாப் புலவர் என வழங்கும் செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவர் அவர்களால் அச்சுக்கு வந்தது. ஏடு வைத்திருந்தவர்கள், "இது எங்கள் வீட்டுச் சொத்து, வெளியே காட்டுவது பெருமையடிப்பதாகும்" என்று அன்று மறுத்திருந்தால், இன்று மேடைதோறும் நாம் மார்தட்டிக்கொள்ளும் சீறா எங்கே இருந்திருக்கும்? பிற்காலத்தில் பேராசிரியர் ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் ஆகியோர் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாய் எழுத முடிந்ததும், தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் சரந்தீபிலும் தமிழகத்திலும் வழங்கிய அரபு, அரவி, பார்சி மொழிகளைப் பற்றிய பெருநூலை 1993-இல் வெளியிட முடிந்ததும், யாரோ சிலர் பெட்டியைத் திறந்து கொடுத்ததனாலன்றோ?

ஒற்றைப் படி எப்படியெல்லாம் அழியும் என்பதற்குப் பழங்கதை தேட வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே மண்ணிலிருந்து 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் ஒருவர் விடாமல் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் குழந்தையைத் தூக்குவதா, கிதாபுப் பெட்டியைத் தூக்குவதா? திருமணப் படம், காணி உறுதி, வாப்பாவின் கையெழுத்து என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டே நடந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நாகைக் கரையோரங்களிலும் உயிர்களோடு வீடுகளும் போயின. வீடுகளோடு காகிதங்களும் போயின. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய தரைத்தள வீடுகளில் எத்தனை அலமாரிகள் நனைந்தன என்று கணக்கெடுத்தவர் யார்? இவை பெருந்துயரங்கள். நித்தியப்படி நடக்கும் சிறு துயரங்களோ கரையான், உப்புக்காற்று, ஒழுகும் கூரை, வீடு மாறும்போது பழைய காகிதக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கும் மருமகப்பிள்ளை!

ஒரு படம் எடுத்து, அஃது ஊருக்கொரு படியாய்ப் பத்து இடங்களில் இருக்குமானால் இந்தச் சேதத்தில் பாதியேனும் தடுக்கப்படும். இது முகஸ்துதியா, முன்யோசனையா?

இரண்டாவது காரணம் ஒன்றுண்டு. அது நாமே எதிர்பாராமல் கண்டது. பினாங்கிலிருந்து ஒரு சபுராளி தம் மனைவிக்கு அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் சில நமக்குக் கிடைத்தன. பணம் அனுப்பிய விவரம், பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்வது பற்றிய யோசனை, தாயாரின் நோய் குறித்த கவலை, இவைதாம் அவற்றிலிருந்தவை. அக்காலத்துப் பெண்கள் பலர் தமிழெழுத்து அறியார், அரபுத்தமிழை நன்கறிவர். ஆகவே கணவன்மார் இவ்வெழுத்திலேயே எழுதினர். கடிதங்களில் மனைவி கேட்ட கேள்விகளுக்கு விடை இருந்தது, கேள்வி இல்லை. அவர் எழுதியவை கடல் கடந்து போய்விட்டனவே! குடும்பத்தாரின் இசைவோடு இரண்டு கடிதங்களின் படத்தை இணையத்தில் வைத்தோம். சில மாதங்கள் சென்றபின் மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதினார். அவருடைய பாட்டனார் அந்தச் சபுராளியோடு ஒரே கடையில் வேலை செய்தவராம். பாட்டனாரின் தகரப்பெட்டியில் எவராலும் படிக்க முடியாத சில தாள்கள் இருக்கின்றனவாம்; எழுத்து அதே சாயலில் இருக்கிறதாம். படம் அனுப்பினார். ஓர் உம்மாவின் கைப்பட எழுதிய கேள்விகள் அவற்றில் இருந்தன. பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் ஒரு தாளில் கேட்கிறார். இங்கிருந்த கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தது. அந்தப் பெயரையுடைய பெரியவர் இப்பொழுதும் ஹயாத்தாக இருக்கிறார். தாயின் கையெழுத்தை அவர் அதுவரை கண்டதில்லை.

முகஸ்துதி என்று சொல்வோரை அந்தப் பெரியவரின் திண்ணையில் ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

அறிவை மறைப்பவனைப் பற்றித் திருமறையின் அல்பகரா சூராவில் வந்துள்ள கண்டனத்தையும், கேட்கப்பட்ட அறிவை மறைத்தவனுக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் இடப்படும் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் வந்துள்ள ஹதீஸையும் நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. நம்மைக் கண்டிப்பவர்கள் ஆண்டுதோறும் அவற்றை ஓதிக்கொடுப்பவர்களே. வீட்டுக் குறிப்பேடு ஒவ்வொன்றும் அந்த வகை அறிவு என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் ஒரு ஃபிக்ஹுக் குறிப்பு, ஓர் ஆலிமின் ஃபத்வா, ஒரு வைத்திய முறை, ஒரு முனாஜாத்து ஆகியவற்றை எழுதியவர் பெட்டியில் வைக்கவா எழுதினார்? பழைய கிதாபுகளின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எழுதி முடித்தவர் தன்னை ஃபகீர் என்றும் ஹகீர் என்றும் தாழ்த்திக்கொள்வார். அடுத்த வரியிலேயே தம் பெயர், தந்தை பெயர், ஊர், நாள் அனைத்தையும் குறிப்பார். ஓதுகின்றவர் துஆச் செய்யவேண்டும் என்று கேட்பார். அடக்கமும் பெயர் பொறித்தலும் ஒரே பக்கத்தில் இணைந்திருந்தன. நம் காலத்தில்தான் இவ்விரண்டுக்கும் பகை மூண்டிருக்கிறது.

சிலர் மறைப்பதற்கு முகஸ்துதி என்பது வெளிக்காரணமே, உட்காரணம் வேறு. பழைய ஏடு இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று எவரோ சொல்லிவிட்டார். படம் வெளியாகிவிட்டால் விலை குறைந்துவிடுமாம். அவர்களிடம் மார்க்கம் பேசிப் பயனில்லை என்பதால் மேலே செல்வோம்.

இனிச் சொல்லப்போவது நம் மனத்தை மிகவும் வருத்துவது. கடலோர ஊரொன்றில் ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டியின் தந்தையைப் பெற்ற அம்மாள் எழுதிய நோட்டொன்றைக் காட்டினர். அரபுத்தமிழ், நேர்த்தியான கை. நாற்பதுக்கு மேற்பட்ட முனாஜாத்துகளும் ஒரு மசலாவும் இருந்தன. முதல் பக்கத்திலே அந்த அம்மையார் தம் பெயரையும் தந்தையின் பெயரையும் எழுதி, ஓதுவோர் தமக்காக ஒரு ஃபாத்திஹா ஓதும்படி வேண்டியிருந்தார். குடும்பத்தாருக்கு வெளியிட இசைவுதான். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். பெண்பிள்ளையின் பெயர் வெளியே தெரியக்கூடாது. முதல் பக்கத்தை விட்டுவிட்டு, 'ஒரு முஸ்லிம் பெண்மணி இயற்றியவை' என்று போட வேண்டுமாம்.

நாம் மறுத்துவிட்டோம். "பெயர் போனால் என்ன, பாட்டுகளாவது கிடைக்குமே" என்று நண்பர்கள் நம்மைக் கடிந்துகொண்டனர். பாட்டுகள் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் பெயருக்கு ஒரு ஃபாத்திஹா. அதை அழித்துவிட்டு அவர் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு அமானிதம் என்று பெயரா? அவர் உயிரோடிருந்த காலத்தில், அவர் தகப்பனாரும் கணவரும் இருந்த வீட்டிலே, தம் பெயரைத் தாமே எழுதி வைத்தவர். அவர்களுக்கு இல்லாத கூச்சம் கொள்ளுப்பேரர்களுக்கு எங்கிருந்து வந்தது?

பெண்ணின் பெயர் அவ்ரத்து என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லாமல் ஹதீஸ் பாடம் நடத்த முடியுமா? ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவிலே ஸஹீஹுல் புகாரியை ஓதிக்கொடுத்தவர்களுள் தலைசிறந்தவர் கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) என்னும் மாதரசியார். பெரும் வரலாற்றாசிரியரான கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்களே அவரிடம் ஓதிக் கேட்டவர். அவ்வம்மையாரின் பெயர் இஸ்னாதுகளில் அப்படியே நிற்கிறது. 'ஒரு முஸ்லிம் பெண்மணி' என்று எந்த முஹத்திஸும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த இஸ்னாதே செல்லாது, முகம் தெரியாத ராவி என்று தள்ளப்பட்டிருக்கும். நம் மண்ணிலும் கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா அவர்கள் அரபுத்தமிழில் ஞானப்பாடல்கள் இயற்றினார்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் 'காதலா? கடமையா?' 1938-இல் வெளிவந்தபோது, மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையரே அதற்கு மதிப்புரை நல்கினார். இவர்கள் பெயரை மறைத்திருந்தால் இன்று நம் பெண்மக்களுக்கு யாரை முன்னோடியென்று காட்டுவோம்?

குடும்பத்தாரின் அச்சத்தில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டோம். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் நம் நாட்டு முஸ்லிம் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து திருடி, ஏலத்திற்கு வைத்ததுபோல் கயவர்கள் காட்டிய அக்கிரமத்தை எவரும் மறந்திருக்க முடியாது. பெண்ணைப் பெற்றவர்கள் நெஞ்சம் பதறியதில் வியப்பில்லை. அந்தத் திருடர்களுக்குத் தண்டனை வேண்டும். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் உருவப்படத்தை அவருடைய இசைவின்றி ஒருவரும் தொடக்கூடாது. இதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மூதாட்டி எழுதிய முனாஜாத்தின் கீழுள்ள பெயருக்கும் அதற்கும் என்ன தொடர்பு? திருடன் வந்தானென்று தெருவிளக்கை உடைப்பார் உண்டோ?

முகஸ்துதி பற்றிப் பேசுவோரிடம் நாமும் ஒன்று வினவ விரும்புகிறோம். ஏட்டின் படத்தைக் கண்டு நெற்றி சுருங்குகிறதே, மேடையிலே ஏழைப் பெண்ணொருத்தியின் கையில் தையல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, அவள் தலை கவிழ்ந்து நிற்க, இருபுறமும் பன்னிரண்டு பேர் நின்று எடுத்துக்கொள்ளும் படத்தைக் கண்டு ஏன் சுருங்கவில்லை? 2020-இல் ஊரடங்கின்போது அரிசிப்பைகள் வழங்கப்பட்டன. பசியென்று கதவைத் திறந்தவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தவர் எத்தனை பேர்! அந்தப் படங்கள் ஊர்க் குழுக்களில் ஓடின; உறவினர் கண்டனர்; பெண் கேட்டு வந்தவர்களும் கண்டனர். வாங்கியவர் இன்றும் அந்தத் தெருவில்தான் நடக்கிறார். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நன்று, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்ற கருத்துடைய ஆயத்து அல்பகராவில் இருக்கிறது. சொல்லிக்காட்டியும் மனத்தை நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்குவதை, மனிதர் பார்க்கவேண்டும் என்று செலவிடுவதோடு இணைத்துக் கண்டிக்கும் ஆயத்தும் அதே சூராவில், சற்று முன்னே, 264-ஆவதாக இருக்கிறது. முகஸ்துதி என்ற சொல்லுக்குத் திருமறையே காட்டும் இடம் இது. அந்த இடத்தில் மௌனம். நம் ஏட்டின் மீது பாய்ச்சல்!

கொடுத்தவர்கள் சொல்லும் விடையும் நாமறிவோம். வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். கணக்குக் காட்ட பற்றுச்சீட்டு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, அரிசி மூட்டைகளைப் படமெடுக்கலாம். வாங்குபவரின் முகம் எந்தக் கணக்கில் வருகிறது?

ஜனாஸாவின் முகத்தைப் படமெடுத்து அனுப்புவதும் இப்பொழுது வழக்கமாகி வருகிறது. நோயாளி மூக்கில் குழாயோடு கிடக்கும் நிலையைப் படமெடுத்து துஆக் கேட்கிறார்கள். துஆவுக்குப் பெயர் போதாதா? அந்நூர் சூராவிலே, பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லும்படி கட்டளை வந்திருக்கிறது. வாசலுக்கே இவ்வளவு ஒழுங்கென்றால் முகத்துக்கு எவ்வளவு வேண்டும்? நாம் ஒரு படத்தை வெளியிடுமுன் அதிலுள்ளவரிடமோ, மறைந்தவராயின் வாரிசுகளிடமோ கேட்டுக்கொள்கிறோம். மறுத்தால் எடுத்துவிடுகிறோம். கடிதங்களில் குடும்பச் சண்டையோ கடனோ குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தாளை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அது வரலாறாகாதா என்று கேட்ட ஆராய்ச்சி மாணவருக்கு, ஆகட்டும், அவர்கள் பேரர்கள் முடிவு செய்யட்டும் என்றோம்.

படமெடுப்பதே ஆகாது என்னும் கட்சியினரும் உளர். உருவம் வரைவதைப் பற்றிய ஹதீஸ்களை அவர்கள் காட்டுவர். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935-இல் மறைந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், புகைப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதே, படைப்பது ஆகாது என்ற கருத்தில் தனியொரு ரிஸாலாவே எழுதினார்கள். அதை ஏற்காத பெரியோரும் உண்டு. ஹஜ்ஜுக்குக் கடவுச்சீட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்களே அவர்களும். நாம் பெரும்பாலும் எடுப்பது எழுத்தையும் கல்லையும். அவற்றில் உயிருள்ள உருவம் ஏது? இதனூடே ஒன்று. கேமரா என்னும் சொல் அரபியிலிருந்து வந்தது என்று நம் பேச்சாளர்கள் மேடையில் முழங்குகின்றனர். அது லத்தீன் சொல். அறை என்று பொருள். ஒளி துளை வழியே இருட்டறைக்குள் புகுந்து உருவைக் காட்டும் வகையை இப்னுல் ஹைதம் (ரஹ்) ஆராய்ந்தார்கள் என்பதே போதிய பெருமை. இல்லாத சொற்பிறப்பைச் சேர்த்து அதைக் குறைக்க வேண்டாம்.

நம் கட்டுரையொன்றை அப்படியே எடுத்துத் தம் பெயரில் போட்டுக்கொண்டவரும் ஒருவர் உண்டு. "பார்த்தீரா, வெளியிட்டதன் பயனை!" என்றனர் நண்பர்கள். திருடிய இடத்தில் அந்தக் கட்டுரையை நம்மைப்போல் பத்து மடங்கினர் படித்தனர் என்று கேள்வி. மீஸான் கல்லில் உள்ளவரின் பெயரை அவர் மாற்றவில்லை. நமக்கு அது போதும்.

இணையத்தில் வைத்துவிட்டால் என்றும் அழியாது என்று எண்ணுவோரையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஜியோசிட்டீஸ் என்னும் இடத்தில் உலகத்தார் இலவசமாய் வைத்திருந்த பக்கங்கள் 2009-இல் மூடப்பட்டன. ஆர்குட் 2014-இல் போயிற்று. கூகுள் பிளஸ் 2019-இல் போயிற்று. மைஸ்பேஸ் நிறுவனம் பல்லாண்டுகளாய் மக்கள் ஏற்றியிருந்த பாடல்களையும் படங்களையும் இழந்துவிட்டதாய் அதே 2019-இல் தெரிவித்தது. 1996-இல் தொடங்கி உலகின் பக்கங்களையெல்லாம் சேர்த்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பெருங்களஞ்சியமே 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள் செயலற்றுப் போயிற்று. வணிக நிறுவனத்தின் கடைவாசலில் வைத்த பொருள், கடைக்காரன் கதவை அடைக்கும்வரைதான் நமக்கு. ஆகவே 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற, காப்பதற்கென்றே அமைந்த இடங்களுக்கும் ஒரு படி போய்ச்சேர வேண்டும். ஒரு படி வீட்டிலும், ஒரு படி வேறூரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். மூல ஏடு குடும்பத்திடமே இருக்கலாம். அதை எவரும் கேட்கவில்லை.

கொடுக்க முன்வருவோர் கேட்கும் ஐயங்களுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். ஏட்டைப் பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து எடுங்கள்; கைப்பேசியின் பளீர் விளக்கு வேண்டாம். அரபுத்தமிழ் ஏடு வலப்புறமிருந்து தொடங்குவது. இளைஞர்கள் இடப்புறமிருந்து எடுத்து எண்ணிட்டு அனுப்பிவிடுகிறார்கள், பிறகு நாம் தலைகீழாய்க் கோக்க வேண்டியிருக்கிறது. அட்டை முதல் கடைசி வெற்றுத்தாள் வரை ஒன்றும் விடாமல் எடுங்கள். பிள்ளைகள் பிறந்த நாளும் பெரியவர்கள் மௌத்தான நாளும் அந்த வெற்றுத்தாள்களில்தான் குறிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் உருக்கி அடைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்துத் தெளிவற்றுப் போகும். ஆவணம் என்னும் வகையில் அனுப்பினால் அப்படியே வரும். யார் எழுதியது, அவர் உங்களுக்கு என்ன முறை, எந்த ஊர், எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதையும் படமெடுத்துச் சேருங்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள கண்ணுமாவிடமோ பெரியம்மாவிடமோ இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பிடிக்குமுன் பெட்டிகளை ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைப்பது எப்படியும் வழக்கம்தானே. அந்த நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.